முதல்ல பிரேக், கடைசியில பெயிண்ட்: முற்றத்தில் நிற்கும் ஒரு பழைய எஃப்சி

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கப்பட்டது. திரும்பத் திரும்ப வந்த சில வரிகள் மட்டும் நீக்கப்பட்டுள்ளன.)

போன எபிசோடுக்குப் பிறகு வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "பழைய பிக்கப் ஒண்ணு கிடைச்சிருக்கு, வீட்லயே வச்சுப் பணி செய்யலாம்னு இருக்கேன், எங்கேருந்து தொடங்கணும்?" இன்னைக்கு அதைப் பத்தித்தான். ஆனா பொதுவாப் பேசினா பிரயோசனம் இல்ல. எங்கிட்ட இருக்கிற ஒரு வண்டிய வச்சே சொல்றேன். நான் செஞ்ச தப்பையும் சேத்துச் சொல்றேன், ஏன்னா அந்தத் தப்பைத்தான் பெரும்பாலானவங்க செய்யறாங்க.

வண்டி மகேந்திரா எஃப்சி. 1974 பதிவு. இப்ப உள்ள பிள்ளைங்களுக்கு அந்த முகமே தெரியாது. சப்பை மூக்கு, முன் சக்கரத்துக்கு மேலயே டிரைவர் உக்காரணும், எஞ்சின் கேபினுக்குள்ள ரெண்டு சீட்டுக்கும் நடுவுல ஒரு தகர மூடிக்குள்ள இருக்கும். ஓட்டுறவன் இடது தொடை வெந்துபோகும். மகேந்திரா 1947-ல வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பிச்ச கதை எல்லாருக்கும் தெரியும். இந்த எஃப்சியும் அதே வில்லிஸ் வீட்டுப் பிள்ளைதான். அமெரிக்காவில 1957 மாடலா வந்தது, 1965 வாக்கில அங்க நின்னுபோச்சு. இங்க அதுக்கப்புறமும் பல வருசம் வந்துட்டு இருந்தது. ஜீப்போட அதே 81 அங்குல சக்கர இடைவெளியில ஆறடிக்கு மேல நீளமா ஒரு தட்டு வைக்கணும்னா, ஆளைத் தூக்கி எஞ்சின் மேல உக்கார வைக்கறதத் தவிர வேற வழி இல்ல. அதான் இந்த உருவம்.

இதுல ஒரு கோளாறும் கூடவே பிறந்தது. பாரம் முழுக்க முன்னால. காலித் தட்டோட ஓட்டினா பின்பக்கம் பஞ்சு மாதிரி. அங்க கம்பெனிக்காரனே பின்னால சேசிஸ்ல ஒரு இரும்புக் கட்டியப் பூட்டி வித்தான்னா பாத்துக்கிடுங்க. மழையில காலி வண்டியோட பிரேக்கை அமுக்கினா பின் சக்கரம் பூட்டிக்கிட்டு வழுக்கும். இதை ஓர்மையில வச்சுக்கிடுங்க, பிறகு வாறேன்.

எங்க வண்டி முதல்ல குளச்சல்ல மீன் ஏத்தின வண்டி. ரெண்டாவது ஓனர் காலத்துல பெட்ரோல் எஞ்சினைக் கழத்திட்டு டீசல் வச்சாங்க. நாங்க வாங்கினது வாழைக்குலை ஏத்த. பூதப்பாண்டிக்கு மேக்க, கீரிப்பாறை போற வழியில எங்களுக்குக் கொஞ்சம் மட்டியும் ஏத்தனும் உண்டு. மட்டிப் பழம் இப்ப பெரிய ஆளாயிட்டு, 2023-ல புவிசார் குறியீடெல்லாம் கிட்டியாச்சு. ஆனா குலையை விளையிலேருந்து வடசேரிக்குக் கொண்டு வாற பாடு அப்படியேதான் இருக்கு. மண் ரோட்டுல ஏறி இறங்க ஜீப் இனம்தான் வேணும்.

வாங்கினப்ப எனக்கு ஒரே குறி எஞ்சின்தான். புகை விடுது, காலையில ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. உள்ள இருந்தது எக்ஸ்டிபி 4.90, பிரெஞ்சுக்கார பீஜோவோட வடிவம், மகேந்திரா ஒப்பந்தம் போட்டு இங்கேயே செஞ்சது. 4 சிலிண்டர், 90 மில்லி போர். அந்தப் பேர்லயே எழுதி வச்சிருக்கு. 2112 சிசி. நேரடியா அறையில பீச்சாம பக்கத்துல ஒரு குட்டி அறையில பீச்சற வகை, அதனால ஹீட்டர் பிளக் இல்லாம காலையில எழும்பாது. நாலுல ரெண்டு பிளக் செத்துக் கிடந்தது. அதை மாத்தினதுமே பாதி வியாதி போச்சு. வீட்ல செய்யக்கூடிய வேலை அது. பிளக்கைக் கழத்தி, பேட்டரியில தொட்டு, நுனி சிவக்குதான்னு பாத்தாப் போதும். இடுக்கியில பிடிச்சுப் பாருங்க, கையில பிடிக்காதீங்க. அஞ்சு செகண்டுல தோசைக்கல்லு மாதிரி ஆயிரும்.

அதுக்கப்புறம் நாசில். நாசிலைக் கழத்தி வெளிய வச்சு "எப்படிப் பீச்சுது பாப்போம்"னு கைய நீட்டற பழக்கம் நம்ம பசங்ககிட்ட இருக்கு. தயவுசெஞ்சு செய்யாதீங்க. நூறு கிலோவுக்கு மேல அழுத்தம். டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிரும், வெளிய பாத்தா ஊசி குத்தினமாதிரிதான் தெரியும், ரெண்டு நாள்ல விரலையே எடுக்கவேண்டி வரும். நாசிலும் பம்பும் வீட்டு வேலை இல்ல. கழத்தி, துணியில சுத்தி, பம்ப் டெஸ்ட் பண்ற கடைக்குக் கொண்டு போங்க. டீசல் லைன்ல ஏர் எடுக்கிறது, ஃபில்டர் மாத்துறது, வாட்டர் பாடி, ஓஸ், ஃபேன் பெல்ட் இதெல்லாம் வீட்ல செய்யலாம்.

ஆக, ஒரு வருசம் ஞாயித்துக்கிழமையெல்லாம் எஞ்சின். அது முடிஞ்சதும் பெயிண்ட். தட்டைத் தேச்சு, ரெட் ஆக்சைடு அடிச்சு, மேல பச்சை. பாக்கறவனெல்லாம் நின்னு பாத்தான். எங்க மாமா ஒருத்தர், அந்தக் காலத்துல எஸ்டேட் ஜீப் ஓட்டினவர், ஒரு நாள் வந்து வண்டியச் சுத்திப் பாத்தார். பெயிண்டைப் பாக்கல. குனிஞ்சு அடியப் பாத்தார். "மக்கா, எஞ்சின் ஓடலைன்னா வண்டி நிக்கும். பிரேக் இல்லைன்னா நிக்காது, பாத்துக்கோ"ன்னார். நான் சிரிச்சேன். பெடல் நல்லாத்தான் இருந்தது அப்ப.

2018 ஆடி மாசம். சாரல். கீரிப்பாறைப் பக்கத்துலேருந்து தடிக்காரன்கோணத்துக்கு எறங்கிட்டு வாறோம். பின்னால அறுபது எழுபது குலை. பக்கத்துல அக்கா மகன், அப்ப அவனுக்குப் பதினாலு வயசு. ஒரு வளைவுல பிரேக்கை மிதிச்சேன், பெடல் அடித்தகடு வரைக்கும் போயிட்டு. ரெண்டாந்தடவை மிதிச்சேன், ஒண்ணுமே இல்ல. வெறும் காத்து. கை பிரேக்கை இழுத்தேன், அதுவும் பிடிக்கல. மூணாவதுலேருந்து ரெண்டாவதுக்கு அடிச்சு எறக்கினேன், பல்லுச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. இடது பக்கம் ரப்பர் எஸ்டேட் மண் திட்டு. அதுலயே உரசி உரசிக் கொண்டு போயி நிறுத்தினேன். இடது கதவும் ஒரு ஃபெண்டரும் போச்சு, குலை பாதி சதைஞ்சு போச்சு. பயலுக்குத் தலையில ஒரு சின்ன வீக்கம். வலது பக்கம் திட்டு இல்ல, பள்ளம். அவ்வளவுதான் வித்தியாசம்.

எறங்கி அடியில பாத்தா, பின் சக்கரத்துக்குப் போற பிரேக் பைப், சேசிஸ்ல கிளிப் பிடிச்சிருக்கிற இடத்துல பொத்திருச்சு. கிளிப்புக்கு உள்பக்கம் ஈரம் நிக்கும், வெளிய தெரியாது, உள்ளேருந்து துரு தின்னுட்டு வரும். நான் ஒரு வருசமா அந்த வண்டிக்குக் கீழ எத்தனையோ தடவை படுத்திருக்கேன். அந்தக் கிளிப்பை ஒரு தடவைகூடத் திறந்து பாக்கல.

இப்ப விஷயத்துக்கு வாறேன். அந்தக் காலத்து ஜீப்புல பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஒரே அறை. நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில். எங்க ஒரு இடத்துல ஒழுகினாலும் நாலும் போயிரும். இப்ப உள்ள வண்டியில ரெண்டு அறை, ஒண்ணு போனா இன்னொண்ணு பாதியாவது நிறுத்தும். அந்தப் பாதி நம்ம வண்டியில கிடையாது.

அப்போ கை பிரேக் ஏன் பிடிக்கல? இது நெறைய பேருக்குத் தெரியாது. இந்த வண்டிகள்ல கை பிரேக் பின் சக்கரத்துல இல்ல. கியர் பாக்ஸுக்குப் பின்னால, டிரான்ஸ்ஃபர் கேஸ் முடியற இடத்துல, புரொப்பல்லர் ஷாஃப்ட்ல ஒரு சின்ன டிரம். அந்த இடத்து ஆயில் சீல் ஒழுகும். இந்த இனத்துல ஒழுகாத வண்டிய நான் பாத்ததில்ல. ஒழுகின ஆயில் நேரா லைனிங்குக்குப் போகும். ஆயில் குடிச்ச லைனிங் வெண்ணெய் தடவின தோசைக்கல்லு. நம்ம ஆளு "கை பிரேக் கம்பி தளர்ந்திருக்கு"ன்னு கம்பியவே இறுக்கிட்டு இருப்பான். சீலை மாத்தாம எத்தனை இறுக்கினாலும் பிடிக்காது.

இதே கை பிரேக்கால வீட்ல இன்னொரு ஆபத்து உண்டு. கை பிரேக்கைப் போட்டுட்டு, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில தூக்கறீங்கன்னு வையுங்க. ஷாஃப்ட் நிக்கும். ஆனா நடுவுல டிஃபரன்ஷியல் இருக்கே. தூக்கின சக்கரம் ஒரு பக்கம் சுத்தும், தரையில இருக்கிற சக்கரம் மறு பக்கம் சுத்தும். கை பிரேக் போட்டிருக்கும்போதே வண்டி உருண்டு ஜாக்கியிலேருந்து சாடும். அதனால தரையில இருக்கிற சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காம ஜாக்கியத் தொடாதீங்க. தூக்கினதும் ஸ்டாண்டு வையுங்க. ஸ்டாண்டு இல்லைன்னா நல்ல ஆஞ்சிலித் தடியில அகலமா அறுத்த கட்டை. சிமெண்ட் ஹாலோ பிளாக் வைக்கவே கூடாது. அது கொஞ்சங்கொஞ்சமா நசுங்காது, சொல்லாம கொள்ளாமப் பொடிஞ்சிரும். எங்க முற்றம் மண், ஜாக்கிக்கு அடியில ஒரு பலகை இல்லைன்னா மழைக்காலத்துல ஜாக்கியே பூமிக்குள்ள போயிரும்.

சரி, பிரேக்கை எப்படிப் பணி செய்யணும். நான் பிறகு செஞ்ச மொறையச் சொல்றேன்.

முதல்ல வீல் நட். எங்க வண்டியில இடது பக்கச் சக்கரத்து நட்டெல்லாம் எதிர் மரை. பழைய ஜீப்புல இது உண்டு, ஸ்டட் தலையில "எல்"னு ஒரு எழுத்து இருக்கும். தெரியாம நாலடி பைப்பை மாட்டி, தொங்கி, ரெண்டு ஸ்டட்டை முறிச்சவன் நான். டிரம்மைக் கழத்தினதும் உள்ள இருக்கிற பொடிய ஊதாதீங்க, கம்ப்ரஸர் காத்தும் அடிக்காதீங்க. பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அது நெஞ்சுல போய் உக்காந்தா எறங்காது. தண்ணியில நனைச்சு, துணியில தொடச்சு எடுங்க.

வீல் சிலிண்டர் ரப்பர் கிட் மாத்தறது லேசு. ஆனா ரப்பரை மாத்தி, சிலிண்டர் உள்சுவத்தைப் பாக்காம விட்டா ஆறு மாசத்துல மறுபடி ஒழுகும். விரலை விட்டுத் தடவிப் பாருங்க. குழி இருந்தா சிலிண்டரையே மாத்திருங்க. டிரம்ல வரி விழுந்திருந்தா லேத்துக்குக் கொண்டு போங்க. எங்க லேத்து ஆசான் டிரம்மைக் கையில வாங்கினதும் முதல்ல ஸ்பேனரால ஒரு தட்டுத் தட்டுவார். மணி மாதிரி கேட்டாத்தான் மெஷின்ல ஏத்துவார். சத்தம் செத்துக் கேட்டா வெடிப்பு, "கொண்டுட்டுப் போ, இதக் கடைஞ்சு உனக்கு நான் சாவு தர முடியாது"ன்னுருவார். அவருக்கு இப்ப எழுபது தாண்டியாச்சு. கிங்பின் புஷ்ஷை அளவு பாத்து ரீமர் போட அவரை விட்டா எனக்கு வேற ஆள் தெரியாது. அவர் பையன் வளைகுடாவுல இருக்கான். ஸ்பேர் பார்ட்ஸைப் புதுப்பேட்டையிலேருந்து வரவழைச்சுக்கலாம், அரியானாவுல மண்டி டப்வாலிக்குப் போன் போட்டா ஜீப்போட எலும்புக்கூடே பார்சல்ல வரும். ஆனா இந்த மாதிரி கையப் பார்சல்ல வரவழைக்க முடியுமா?

பைப். இதுக்குத்தான் நான் விழுந்தேன், அதனால நிதானமாச் சொல்றேன். பிரேக் பைப்னா அதுக்குன்னே வர்ற ஸ்டீல் பைப், கடையில பண்டி பைப்னு கேட்டாத் தருவான். செப்புப் பைப் போட்டுத் தர்ற ஆளுங்க உண்டு, வளைக்க லேசு, பளபளன்னு இருக்கும். அதிர்வுல செம்பு கெட்டிப்பட்டு, ஒரு நாள் கீறிரும். வேண்டாம். பைப் நுனிய ரெண்டு மடிப்பா மடிச்சு விரிக்கணும், டபுள் ஃப்ளேர்னு சொல்லுவாங்க. ஒத்தை மடிப்பு பிரேக் அழுத்தத்தைத் தாங்காது. அந்தக் கருவி வீட்ல இல்லைன்னா, அளவுக்கு வெட்டிக் கொண்டு போய்க் கடையில விரிச்சு வாங்குங்க. கிளிப் பிடிக்கிற இடத்துல ஒரு துண்டு ரப்பரைச் சுத்தி, உள்ள கிரீஸ் தடவிப் பூட்டுங்க. வருசத்துக்கு ஒரு தடவை கிளிப்பைத் திறந்து பாருங்க. எங்க ஊர்ல இடவப்பாதி ஒண்ணு, ஐப்பசி மழை ஒண்ணுன்னு வருசத்துக்கு ரெண்டு மழை. பைப் காயறதுக்கே நேரம் கிடையாது.

பிரேக் ஆயில் ஈரத்தைக் காத்துலேருந்தே குடிக்கும். பாட்டில் மூடியத் திறந்து வச்சிட்டு மறந்துட்டா அது கெட்டது. ஆயிலை வருசா வருசம் முழுசா மாத்துங்க. பழைய டிரைவர்மார், "நாங்க விளக்கெண்ணெய் ஊத்தி ஓட்டினோம்"னு சொல்லுவாங்க. பொய் இல்ல. ஆரம்பகாலத்து பிரேக் ஆயிலே விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்ததுதான். இன்னைக்கு உள்ள ரப்பரும் ஆயிலும் வேற. அவசரத்துக்குக்கூட எஞ்சின் ஆயிலை ஊத்திராதீங்க, ரப்பர் எல்லாம் ஊதிப் பெருத்து, பிரேக் பிடிச்ச பிடியில விடாம நிக்கும்.

அடுத்தது துரு. முன்னாடி சொன்னேனே, மீன் வண்டின்னு. ஐஸ் பெட்டியிலேருந்து உப்புத் தண்ணி வருசக்கணக்குல சொட்டின வண்டி. தட்டை எல்லாரும் பாப்பாங்க, தட்டு போனா பலகை போட்டுக்கலாம். சொட்டின தண்ணி எங்க போய் நின்னுது? சேசிஸ்ல, பின் பட்டை மாட்டற கொக்கிக்குப் பக்கத்துல. பச்சைப் பெயிண்டுக்கு அடியில அந்த எடம் பப்படமா இருந்தது. ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து சேசிஸ் நீளத்துக்கும் ஒரு சாணுக்கு ஒரு தட்டாத் தட்டிட்டே போங்க. நல்ல இரும்பு "டிங்"னு சொல்லும். போன இரும்பு "தொப்"புங்கும். தொப்புன்னு கேட்ட இடத்துல ஸ்க்ரூடிரைவர் நுனிய அமுக்கிப் பாருங்க. உள்ள போச்சுன்னா வருத்தப்படாதீங்க, ரோட்டுல தெரியறதுக்கு முற்றத்துல தெரிஞ்சுதே.

சேசிஸ் வெல்டிங்கை நான் செய்யல. ஆளை வரவச்சேன், ஆனா பக்கத்துலயே நின்னேன். பேட்ச் தகட்டோட ஓரம் சேசிஸுக்குக் குறுக்க நேர்கோடா வந்தா, அந்தக் கோட்டுலயே பிறகு முறியும். அதனால தகட்டு நுனியச் சாய்வா, மீன் வால் மாதிரி வெட்டணும். சேசிஸோட மேல் மடிப்பு, கீழ் மடிப்பு ஓரங்கள்ல வெல்டு போடக்கூடாது, பாரம் முழுக்க அங்கதான் இழுக்கும். வந்த ஆளு "இதெல்லாம் யார் சொல்லித் தந்தா, நான் இருபது வருசமாக் குறுக்கத்தான் போடறேன்"னு கோவிச்சுக்கிட்டார். காப்பி வாங்கிக் குடுத்துச் சாய்வாவே போட வச்சேன். டேங்கை முதல்லயே கழத்தி வாழைத் தோப்புக்குள்ள கொண்டு வச்சிட்டோம். காலி டேங்குதான் பயப்பட வேண்டியது, உள்ள ஆவி நிக்கும். பேட்டரி வயரையும் கழத்தணும்.

துருவுக்கு என் பாட்டா காலத்து மருந்து ஒண்ணு இருக்கு. கடப்புறத்துல வள்ளத்துக்கு மீன் எண்ணெய் தேய்ப்பாங்க. அதையே சேசிஸ் உள்பக்கம் அடிப்பேன். ஒரு மாசம் வீட்ல யாரும் எங்கூடப் பேச மாட்டாங்க, அவ்வளவு நாத்தம். ஆனா எண்ணெய் ஊர்ந்து ஊர்ந்து இடுக்கெல்லாம் போய்ப் படியும். ரப்பர் புஷ்ஷுலயும் பிரேக்லயும் படாமப் பாத்துக்கிடணும். கழிவு எஞ்சின் ஆயில் அடிக்கிறவங்க உண்டு. அது மழையில கழுவி கிணத்துப் பக்கம் போகும், நான் விட்டுட்டேன்.

ஸ்பேனர் பத்தி ஒரு வார்த்தை. வண்டி வில்லிஸ் வம்சம், அதனால அங்குல அளவு. 7/16, 1/2, 9/16. எஞ்சின் பீஜோ, அதனால மில்லிமீட்டர். ஒரே வண்டிக்கு ரெண்டு செட் ஸ்பேனர் வேணும். எட்டு மில்லி போல்ட்டும் 5/16 அங்குல போல்ட்டும் கண்ணுக்கு அண்ணன் தம்பி மாதிரி. ஒண்ணை இன்னொண்ணோட ஓட்டையில மாட்டினா ரெண்டு சுத்து சுகமாப் போகும், பிறகு இறுகும். "துரு"ன்னு நெனச்சு நீங்க பலமா இறுக்குவீங்க, மரை போயிரும். கழத்தின போல்ட்டை எந்த இடத்துதுன்னு தனித்தனி டப்பாவில போடுங்க. நான் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு, மேல பேப்பர் ஒட்டி எழுதுவேன்.

கடைசியா, அந்தப் பதினாலு வயசுப் பய இப்ப இஞ்சினியரிங் முடிச்சிட்டான். போன வருசம் வந்து, "மாமா, வண்டிக்கு அம்பது வருசம் ஆயிட்டு. விண்டேஜ் பதிவு எடுத்திருவோம். டீசலைக் கழத்திட்டு ஒரிஜினல் பெட்ரோல் எஞ்சினை வச்சிருவோம்"னான். அவன் சொல்றதும் உள்ளதுதான். 2021 ஜூலையில வந்த விதிப்படி, முதல் பதிவாகி 50 வருசம் தாண்டின சொந்த உபயோக வண்டி, பெரிய மாற்றம் இல்லாம மூல வடிவத்துல இருந்தா, விண்டேஜாப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருசம் செல்லும், மறுபடி எடுக்க 5,000. நம்பர்ல "விஏ"ன்னு வரும். ஆசையாத்தான் இருந்தது. ஆனா அந்தப் பதிவு எடுத்தா கண்காட்சிக்குப் போகலாம், ராலிக்குப் போகலாம், எண்ணெய் ஊத்தவும் பணி பாக்கவும் போகலாம். அன்றாட ஓட்டம் கூடாது, வியாபார ஓட்டம் கூடவே கூடாது. வாழைக்குலைய யார் சுமக்கிறது?

பெட்ரோலுக்குத் திரும்பறதும் லேசுப்பட்ட காரியம் இல்ல. அந்தப் பழைய எஞ்சின் 2199 சிசி, ஹரிக்கேன்னு பேர். உள்ள இழுக்கிற வால்வு மேல ஹெட்ல, புகை தள்ளற வால்வு கீழ பிளாக்ல. பிளக் இடைவெளி 30 தவ், பாயிண்ட் 20 தவ், இவ்வளவுதான் அதோட ஜாதகம், யாரும் பணிஞ்சிரலாம். ஆனா அது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து எஞ்சின். நாடு முழுக்க ஈயத்தை நிறுத்தினது 2000-ல. ஈயம் இல்லாம பாரம் இழுத்தா, புகை வால்வு உக்கார்ற இடம் மெல்ல மெல்லத் தேயும், கெட்டி சீட் போட்டாகணும். இப்ப பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். பழைய கார்புரேட்டர் ரப்பரையும் பம்ப் டயஃப்ரத்தையும் அது ஊறவச்சுக் கெடுக்கும். போதாக்குறைக்கு ஈரத்தை இழுக்கும். நம்ம ஊர்க் காத்துல, தகர டேங்குல, மாசத்துக்கு ரெண்டு நாள் மட்டும் ஓடற வண்டியில, அந்த ஈரம் எங்க போகும்?

அதனால டீசலே இருக்கட்டும்னு சொல்லிட்டேன். ஆர்.சி. புக்குல டீசல் எஞ்சின் ஏறியிருக்கு, பழைய ஓனர் ஒழுங்கா ஏத்தியிருந்தார். நீங்க வாங்கும்போது முதல்ல அதைப் பாருங்க. எஞ்சின் மாத்தினதைப் பதிவு அதிகாரிகிட்ட ஒப்புதல் வாங்கி ஏத்தணும்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு சொல்லுது. புக்குல ஒரு நம்பரும் எஞ்சின்ல ஒரு நம்பருமா இருந்தா, எவ்வளவு மலிவாக் கிடைச்சாலும் வாங்காதீங்க. சரக்கு வண்டின்னா வருசா வருசம் எஃப்சி காட்டணும். வண்டி பேரும் எஃப்சி, எடுக்க வேண்டியதும் எஃப்சி, ஆபீஸ்ல இதைச் சொன்னா யாரும் சிரிக்க மாட்டேங்கறாங்க.

பயலுக்குக் கொஞ்சம் ஏமாத்தம்தான். ஆனா ஒரு காரியம் செஞ்சான். ரெண்டு அறை உள்ள மாஸ்டர் சிலிண்டர் ஒண்ணை வாங்கிட்டு வந்து, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி பைப் இழுத்துப் பூட்டணும்னு ஒத்தைக்கால்ல நின்னான். "இது ஒரிஜினல் இல்லையேடே"ன்னேன். "மண்டையில வீங்கினது எனக்குத்தானே மாமா"ன்னான். பிறகு என்ன சொல்ல?

அந்த வேலை பாதியில நிக்குது. நம்ம பெடல் கம்பி நீளத்துக்கும் அந்த சிலிண்டருக்கும் ஒத்து வரல, தாங்கு தகடு ஒண்ணு புதுசா அடிக்கணும். முன்னுக்கு எவ்வளவு அழுத்தம், பின்னுக்கு எவ்வளவுங்கிற கணக்கும் பாக்கி. இந்த வண்டிக்குப் பின்பக்கம் பஞ்சுன்னு முதல்லயே சொன்னேன்ல, பின்னுக்கு அழுத்தம் கூடிட்டா மழையில வழுக்கும். அதை வெறும் முற்றத்துல வச்சுத் தீர்மானிக்க எனக்குத் தைரியம் இல்ல. பிரேக் வேலையே தொழிலாச் செய்யற ஒருத்தர்கிட்ட கொண்டு காட்டிட்டுத்தான் ரோட்டுல எறக்குவோம். அதுவரைக்கும் குலை பக்கத்து வீட்டு ஆட்டோவுலதான் போகுது.

அந்த லேத்து ஆசான் தாங்கு தகட்டுக்கு வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கார். பூட்டி ஓட்டிப் பாத்துட்டு என்ன ஆச்சுன்னு அடுத்த எபிசோடுல சொல்றேன்.